செயின் கவருக்குள்ளே

வீட்டில் ஒரு பொருள் சும்மா கிடந்தால் டிரைவரம்மாவுக்குக் கை துறுதுறுக்கும். பயன்படுகிறதா, இருக்கட்டும். பயன்படவில்லையா, பயன்படுகிற இடத்துக்குப் போகட்டும். அவள் வீட்டில் அவ்வளவுதான் சட்டம், மேல்முறையீடு கிடையாது. மகள் கல்யாணமாகிப் போன மாதமே அவளுடைய கட்டில் போயிற்று. கணவரின் டேப் ரெக்கார்டர், காலர் நைந்த கோட்டு, ஒரு பக்கக் கைப்பிடி அறுந்த தோல் பை எல்லாம் ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டின. ஒரு தடவை கொடுத்த வேகத்தில், பக்கத்து வீட்டுக்காரி இரவலாகத் தந்திருந்த இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்துத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். பிறகு அசடு வழியப் புதுப்பெட்டி வாங்கிக் கொண்டுபோய் நின்றாள். அதோடு திருந்தினாளா என்றால், அதுதான் இல்லை.

தொழில் டவுன் பஸ் ஓட்டுவது. ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துத் தோள் இரண்டும் மல்யுத்தக்காரி மாதிரி ஆகிவிட்டன. படியில் தொங்குகிற கல்லூரிப் பையன்களை அவள் அதட்டியதே இல்லை. கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள், தானாக உள்ளே வந்துவிடுவார்கள். வண்டியில் அப்படி ராஜ்ஜியம் செய்தவளுக்கு வீட்டில் ஒரே ஒரு ஆளிடம்தான் பாச்சா பலிக்கவில்லை. அவர் அவளுடைய கணவர்.

அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். பெயர் என்னவாக இருந்தால் என்ன, ஊருக்கு அவர் மீட்டர்தான். “மீட்டர் வந்தாச்சு” என்றால் எந்த வீட்டிலும் கதவு திறக்கும். கடிக்கிற நாய்கூட வாலை ஆட்டும். வேலையில் இருந்த காலம் முழுக்கச் சைக்கிளில்தான். செயின் முழுவதையும் மூடுகிற தகரக் கவர் போட்ட, முன்னால் கூடை வைத்த, கனத்த கறுப்புச் சைக்கிள். ஓய்வு பெற்ற பிறகும் தினம் காலையில் பேன்ட் நுனி பறக்காமல் கணுக்காலில் கிளிப் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரித் திருப்பம் வரை போய் ரொட்டி வாங்கி வருவார். தெருமுனைக் கடையிலேயே ரொட்டி கிடைக்கும். அது ரப்பர் மாதிரி இருக்கிறதாம்.

வினை கண்ணில் வந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுப்போயிற்று. இருவரையும் எதிரே உட்காரவைத்துக்கொண்டு கண் டாக்டர் தெளிவாகவே சொன்னார்.

“இடது பக்கம் போனது போனதுதான், திரும்ப வராது. வலது கண்ணுல நேரா இருக்கிறது தெரியும். ஓரத்துல வர்றது தெரியாது. நடக்கலாம், பார்த்து நடங்க. சைக்கிளை மட்டும் தொடாதீங்க.”

மீட்டர் பணிவாகத் தலையாட்டினார். மறுநாள் காலையில் கிளிப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

“என்னங்க, டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?”

“காதுக்கு ஒண்ணும் இல்லையே. கண்ணுக்குத்தானே சொன்னாரு.”

இந்த மாதிரி ஆளோடு எப்படிக் குப்பை கொட்டுவது? அவள் கத்திப் பார்த்தாள். பேசாமல் இருந்து பார்த்தாள். மகளை விட்டுச் சொல்லவைத்தாள். மகளிடம் “சரிம்மா, சரிம்மா” என்றார். காலையில் பார்த்தால் கூடையில் ரொட்டி. பின் சக்கரத்து வால்வைப் பிடுங்கிச் சர்க்கரை டப்பாவுக்குள் ஒளித்துவைத்தாள். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, புது வால்வு போட்டுக்கொண்டார். அவளுக்குப் பெரும்பாலும் விடிகாலைப் பணி. அவர் கிளம்புகிற நேரத்தில் அவள் பஸ்ஸில் இருப்பாள். விடுமுறை நாட்களில் மட்டும் பார்ப்பாள்: சந்து குறுகல் என்பதால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய் முனையில் மறைவார். அவர் திரும்பி வரும்வரை அவள் வாசலிலேயே நிற்பாள். ஒரு நாள் அவருடைய இடது காலில், முழங்காலுக்குக் கீழே, தோல் கன்றிக் கறுத்திருந்ததைப் பார்த்துவிட்டாள்.

“விழுந்தீங்களா?”

“விழலை. இடிச்சுக்கிட்டேன்.”

“எதுல?”

“சைக்கிள்லதான். விடேன்.”

எப்படி விடுவாள்? அவளுடைய பயம் என்னவென்று வெளியே யாரிடமும் சொல்லியதில்லை. அவர் எங்கேயாவது விழுந்துவிடுவார் என்பது மட்டுமல்ல. அவள் பஸ்ஸும் அதே ஆஸ்பத்திரித் திருப்பத்தில்தான் திரும்பும். அந்த இடத்தில் பஸ்ஸின் நீளம் தெருவையே அடைத்துக்கொள்ளும். ஓரத்தில் வருகிற சைக்கிள்காரன் பஸ்ஸைப் பார்த்து ஒதுங்கினால்தான் உண்டு. ஓரமே தெரியாத ஒருவர் எப்படி ஒதுங்குவார்? தன் கணவர் தன் பஸ்ஸின் சக்கரத்தில், தன் கையாலேயே. அதற்கு மேல் அவளால் நினைக்க முடியாது. அந்தத் திருப்பம் வந்தாலே கால் பிரேக்குக்குப் போய்விடும். ஊர்ந்து, நின்று, எல்லாச் சைக்கிளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் திருப்புவாள். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவார்கள்.

ஒரு வியாழக்கிழமை அது நடந்தே விட்டது என்று நினைத்தாள். திருப்பத்தில் இடப்பக்கமிருந்து ஒரு நீலச் சட்டை, கறுப்புச் சைக்கிள், பஸ்ஸின் மூக்குக்கு முன்னால் வந்து விழப் பார்த்தது. அவள் போட்ட பிரேக்கில் பயணிகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். யாரோ ஒருவருடைய வெங்காயப் பை அவிழ்ந்து பஸ் முழுக்க உருண்டது. சைக்கிள்காரன் சின்ன வயசுக்காரன், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். காலையில் அவள் கிளம்பும்போது மீட்டர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார் என்பது பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. டிப்போவில் வண்டியை விட்டு இறங்கினாள். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். முகத்தைக் கழுவிவிட்டு வெளியே வந்தபோது ஒரு முடிவோடுதான் வந்தாள்.

டிப்போ அறிவிப்புப் பலகையில் கொஞ்ச நாளாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் சனிக்கிழமைதோறும் சைக்கிள் கிளினிக். பழைய சைக்கிள் இருந்தால் கொடுங்கள். பிரித்து, சரிசெய்து, சைக்கிள் இல்லாதவர்களுக்குத் தருகிறோம். அந்தச் சனிக்கிழமை மீட்டரை மகள் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் மாலையில் கொண்டுவந்து விடுவதாக இருந்தது. அவர் அந்தப் பக்கம் போனதும் டிரைவரம்மா மாடிப்படிக்கு அடியிலிருந்த சைக்கிளை வெளியே எடுத்தாள். திருடு போய்விட்டது என்று சொல்லிவிடலாம். பாவம்தான். பாவத்தோடு வாழலாம், மற்றதோடு வாழ முடியாது.

கொட்டகையில் சைக்கிள்கள் ஆணிகளில் தலைகீழாகத் தொங்கின. டப்பா டப்பாவாகப் பெடல்கள், மணிகள், பிரேக் கட்டைகள். எண்ணெயும் பழைய ரப்பரும் கலந்த வாசனை. கறை படிந்த மேலங்கியோடு எதிரே வந்தவரைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன வருஷம் அவளுடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பல் டாக்டர். வாரம் முழுக்கப் பல்லோடு மல்லுக்கட்டிவிட்டு, சனிக்கிழமையானால் இங்கே வந்து பல்சக்கரத்தோடு மல்லுக்கட்டுகிறார்.

“வாங்கம்மா. பல் எப்படி இருக்கு?”

“இருக்கிறதெல்லாம் நல்லா இருக்கு டாக்டர். இது வீட்டுல சும்மா கிடக்குது. எடுத்துக்கங்க.”

“ரொம்ப சந்தோஷம். ஆனா இங்க ஒரு வழக்கம் உண்டு. முதல் திருகைக் கொடுக்கிறவங்களே கழட்டணும். அதுக்கப்புறம்தான் நாங்க கைவைப்போம்.”

“அது எதுக்கு?”

“முன்னே ஒரு அம்மா வீட்டுக்காரரோட சண்டை போட்டுட்டு அவர் சைக்கிளைக் கொண்டாந்து விட்டுட்டாங்க. நாங்களும் அக்குவேறு ஆணிவேறா பிரிச்சுட்டோம். சாயங்காலம் அவரு வந்து ஆடினாரு பாருங்க ஒரு ஆட்டம்! அதுலேர்ந்து இப்படி. மனசு இல்லாதவங்களுக்குக் கை வராது.”

டிரைவரம்மாவுக்குச் சுருக்கென்றது. அதைக் காட்டிக்கொள்ளாமல் ஸ்பேனரை வாங்கினாள். சீட்டுக்குக் கீழே இருக்கிற திருகைத்தான் கழற்றச் சொன்னார். பஸ்ஸையே திருப்புகிற கைக்கு இது ஒரு வேலையா? அழுத்தினாள். அசையவில்லை. இரண்டு கையையும் வைத்து, மூச்சைப் பிடித்து அழுத்தினாள். ஊஹூம். திருகு துருவேறி ஒட்டிப்போயிருந்தது.

டாக்டர் குனிந்து பார்த்தார். “இதைக் கடைசியா எப்ப ஓட்டினாங்க?”

“நேத்துக் காலையிலகூட ஓட்டினாரே!”

“சும்மா கிடக்குதுன்னு சொன்னீங்க?”

டிரைவரம்மா ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்தாள். பொய் சொல்லியே பழக்கமில்லாதவள் சொன்னால் இப்படித்தான், ஒரு நிமிஷத்துக்குக்கூடத் தாங்காது. டாக்டர் அதற்கு மேல் துருவவில்லை. சட்டைப்பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தார். பல் பார்க்கிற அதே டார்ச். செயின் கவரின் மூடியைக் கழற்றி உள்ளே அடித்தார். “இங்க வந்து பாருங்க” என்றார்.

அவள் எட்டிப் பார்த்தாள். வெளியே தினமும் துடைத்துப் பளபளவென்று இருந்த கவருக்குள்ளே, செயின் செங்கல் நிறத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. செயினுக்கும் கவருக்கும் நடுவே ஒரு சிலந்தி அகலமாக வலை பின்னியிருந்தது. வலை கிழியவில்லை. அதில் காய்ந்துபோன பூச்சிகள்.

“நேத்து இல்லம்மா, ஒரு வருஷமா இந்தப் பெடலை யாரும் மிதிக்கலை. மிதிச்சிருந்தா இந்தச் சக்கரத்துப் பல்லெல்லாம் மினுமினுன்னு இருக்கும். சிலந்தியும் குடும்பம் நடத்தியிருக்காது.”

“இல்லை டாக்டர். தினம் ரொட்டி வாங்கப் போறாரு. நான் பாக்குறேனே.”

“போறாரு. ஓட்டிட்டுப் போகலை, தள்ளிட்டுப் போறாரு.” டாக்டர் கைப்பிடியைத் தொட்டுக் காட்டினார். “வலது கைப்பிடி மட்டும் வழவழன்னு தேஞ்சிருக்கு, இடது பக்கம் புதுசாவே இருக்கு. அதுலதான் எனக்கு ஒண்ணு புரியலை. சைக்கிளைத் தள்றவங்க யாரும் செயின் இருக்கிற பக்கம் நிக்க மாட்டாங்க. பெடல் கால்ல இடிக்கும். இவரு மெனக்கெட்டு அந்தப் பக்கமாவே நின்னு தள்ளியிருக்காரு. முன் டயரைப் பாருங்க, நடைபாதைக் கல்லுல முட்டி முட்டித் தடம் விழுந்திருக்கு.”

டிரைவரம்மா எழுந்து செயின் பக்கமாகப் போய் நின்றாள். கைப்பிடியைப் பிடித்தாள். சைக்கிள் அவளுடைய இடது பக்கம் வந்தது. ஓர் அடி எடுத்து வைத்தாள். பெடல் அவளுடைய இடது காலில், முழங்காலுக்குக் கீழே, நங்கென்று இடித்தது.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கிற்று. அவருக்குத் தெரியாத பக்கம் இடப்பக்கம். அந்தப் பக்கத்தில் சைக்கிளை வேலி மாதிரி வைத்துக்கொண்டு நடக்கிறார். எதிரே வருகிறவர்கள் சைக்கிளைப் பார்த்து ஒதுங்குகிறார்கள். கல்லோ படியோ வந்தால் காலுக்கு முன்னால் சக்கரம் போய் முட்டிச் சொல்கிறது. இத்தனை நாளாக அவள் வாகனம் என்று நினைத்து வயிறெரிந்தது, அவருக்கு ஊன்றுகோல்.

ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தாள். “ஓட்டலை டாக்டர், அவரு ஓட்டவே இல்லை” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கிவைத்தாற்போல் இருந்தது அவளுக்கு. உடனே அடுத்த நினைப்பு வந்து முகம் வெளிறியது. இதை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தால்? நாளைக்குக் காலையில் அந்த மனுஷன் வெறுங்கையோடு தெருவில் இறங்கியிருப்பார்.

“டாக்டர், இதை நான் தர முடியாது.”

“தெரியுதும்மா. உங்களுக்கு முன்னாடியே அந்தத் திருகுக்குத் தெரிஞ்சிருக்கு.”

ஆனால் கொடுக்க வந்துவிட்டு வெறுமனே திரும்புகிற வழக்கம் டிரைவரம்மாவிடம் கிடையாதே. அந்தப் பெடல்களைப் பார்த்தாள். கன்றிப்போன காலை நினைத்தாள். ஸ்பேனரைக் கேட்டு வாங்கினாள். வலது பெடல் கொஞ்சம் எண்ணெய் விட்டதும் வந்துவிட்டது. இடது பெடல் மட்டும் முரண்டு பிடித்தது.

“அது எதிர்ப்பக்கம் திருகணும்மா. இடது பெடலுக்கு மட்டும் மரை தலைகீழ்.”

“எங்க வீட்டுக்காரர் மாதிரிதான்” என்று சொல்லி எதிர்ப்பக்கம் திருகினாள். வந்துவிட்டது. செயினையும் கழற்றிப் போட்டார்கள். செயின் குப்பைக்குத்தான், பெடல் இரண்டும் நல்ல நிலையில் இருக்கின்றன, வேறொரு சைக்கிளுக்குப் போகும் என்றார் டாக்டர். சிலந்தி எங்கே போயிற்றென்று யாரும் பார்க்கவில்லை.

மாலையில் மகள் அவரை வாசலில் இறக்கிவிட்டுப் போனாள். மீட்டர் உள்ளே வந்ததும் நேராக மாடிப்படிக்கு அடியில் போய்ச் சைக்கிளைத் தடவினார். கை கீழே இறங்கிப் பெடல் இருந்த இடத்தில் நின்றது. அவள் சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“பெடலைக் காணோம்” என்றார்.

“குடுத்துட்டேன். செயினையும் குடுத்துட்டேன்.”

அவர் கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். பிறகு, திருட்டுத்தனம் பிடிபட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, “அப்ப தெரிஞ்சுபோச்சா?” என்று கேட்டார்.

அவ்வளவுதான், அடக்கிவைத்திருந்ததெல்லாம் கொட்டிற்று. “ஒரு வருஷம்! ஒரு வருஷமா நான் செத்துச் செத்துப் பொழைச்சிருக்கேன். ஓட்டலைன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாய்முத்து உதிர்ந்துருமா?”

“சொல்லியிருப்பேன். சொன்னா நீ என்ன பண்ணியிருப்பேன்னு நீயே சொல்லு. ‘ஓட்டலையா, அப்ப எதுக்கு வீட்டுல அடைசல்’னு மறுநாளே யாருக்காவது தூக்கிக் குடுத்திருப்பியா இல்லையா? டேப் ரெக்கார்டர் கதை எனக்குத் தெரியாதா?”

உண்மையைத்தானே சொல்கிறார். காலையில் அதைக் கொடுக்கத்தானே தள்ளிக்கொண்டு போனாள். அவள் வந்து படியில் உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“டாக்டர் சொன்ன அன்னிக்கு மறுநாள் ஒரு தடவை ஏறிப் பார்த்தேன்” என்றார் மெல்ல. “பக்கத்துல ஒரு லாரி போச்சு. போனதுக்கப்புறம்தான் போச்சுன்னே தெரிஞ்சுது. இறங்கிட்டேன். அதுக்கப்புறம் ஏறவே இல்லை. கம்பு ஊனிட்டுப் போனா ஊரே பாவம்னு பாக்கும். சைக்கிளைத் தள்ளிட்டுப் போனா, மீட்டர் இப்பத்தான் இறங்கி நடக்கிறாருன்னு நினைச்சுக்கும்.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்.”

“உன்கிட்டதான் ரொம்பப் பயம். திருப்பத்துல உன் பஸ் மாதிரி ஏதாவது வந்தா ரொட்டிக் கடைத் தூணுக்குப் பின்னாடி போய் நின்னுக்குவேன். நடக்கிறதைப் பாத்துட்டியானா எல்லாம் வெளிய வந்துருமே.”

ஆக, அவள் ஊர்ந்து ஊர்ந்து தெருவிலிருந்த சைக்கிளையெல்லாம் தேடிய அத்தனை நாளும் அவர் பத்திரமாகத் தூணுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். நடைபாதைப் பக்கம் அவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. சொல்லாமல் மறைத்தவர் அவர். கொடுத்துக் கொடுத்தே அவரைச் சொல்லவிடாமல் செய்தவள் அவள். யாரை யார் கோபித்துக்கொள்வது? இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“கம்பு வாங்க மாட்டேன்” என்றாள் அவள். “இந்தச் சைக்கிளைக் குடுக்கவும் மாட்டேன். ஆனா இனிமே தூணுக்குப் பின்னாடி ஒளியக் கூடாது. முன்னாடி வந்து நின்னு ஒரு தடவை கையாட்டணும். அது போதும் எனக்கு.”

“உன் பஸ்ஸுன்னு எப்படித் தெரியும்? எனக்கு எல்லாம் ஒரே சிவப்பாத்தான் தெரியும்.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆட்டணும்.”

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரித் திருப்பம் நெருங்கியபோது டிரைவரம்மா முதன்முதலாக நடைபாதையைப் பார்த்தாள். ரொட்டிக் கடைக்கு முன்னால், தூணை விட்டு நன்றாகத் தள்ளி, மீட்டர் நின்றுகொண்டிருந்தார். இடப்பக்கம் பெடல் இல்லாத சைக்கிள், கூடையில் ரொட்டி. அவளுக்கு முன்னால் போன பஸ்ஸைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகக் கையாட்டினார். அந்த டிரைவர் யாரென்று தெரியாமலே பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போனார். பிறகு அவளுடைய பஸ்ஸுக்கும் ஆட்டினார், அதே சிரிப்பு, கொஞ்சமும் கூடுதல் குறைச்சல் இல்லாமல். அவள் ஹாரனைச் சின்னதாக ஒருமுறை தட்டினாள். திருப்பிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால், பின்னால் வந்த பஸ்ஸுக்கும் ஆட்டிக்கொண்டிருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாப் பஸ்ஸுக்கும் ஒரு தரம்.

“யாரும்மா அந்தப் பெரியவரு?” என்று முன் சீட்டிலிருந்த பெண் கேட்டாள்.

“எங்க வீட்டுக்காரர்” என்றாள் டிரைவரம்மா. சொல்லும்போதே சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தினாள். அந்தத் திருப்பத்தில் இன்றைக்குப் பிரேக்கில் கால்வைக்கவே இல்லை என்பது, ஆட்கள் ஏறி இறங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.